நூற்றாண்டு சார் பார்த்த முகூர்த்தம்

இந்த உலகத்தில் நல்ல நாள் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதை ஆதாரத்தோடு நிரூபித்த ஒரே மனிதர் மரக்காணத்தில்தான் இருந்தார். உப்பு லோடு ஏற்றும் ஒரு யார்டு ஆபீஸில் கரும்பலகை எழுதுவது அவர் வேலை. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயரை மாதாமாதம் சம்பளப் பட்டியலில் நானே டைப் அடித்திருக்கிறேன். ஆனாலும் அது என் மனதில் நிற்கவில்லை. ஊருக்கே அவர் நூற்றாண்டு சார்.

எதைப் பார்த்தாலும் அதற்கு எத்தனை வயது, நூற்றாண்டு எப்போது வரும் என்று கணக்குப் போடாமல் அவரால் இருக்க முடியாது. ஒரு டிரைவர் புது லாரி வாங்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஆசையாக யார்டுக்குள் ஓட்டி வந்தான். சார் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "வாழ்த்துக்கள்பா. இன்னும் சரியா நூறு வருஷத்துல இதுக்கு நூற்றாண்டு. கொண்டாட நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன்" என்று கைகுலுக்கினார். அந்த டிரைவர் அன்றைக்கு லோடு ஏற்றாமலேயே திரும்பிப் போய்விட்டான்.

நான் திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, அந்த ஆபீஸில் இருந்த ஒரே கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்த காலம் அது. உப்பு சுமக்கும் பெண்களுக்கு நான் 'கம்ப்யூட்டரம்மா'. நான் வேலையில் சேர்ந்தபோது இரண்டாயிரத்து ஐந்து பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சுனாமியில் கடல் உள்ளே வந்துபோன அடையாளம் உப்புப் பாத்திகளில் அப்படியே இருந்தது. வரப்புகளை மறுபடி கட்டி, சேற்றை வாரிக் கொட்டி, முதல் உப்பு வெள்ளையாகப் பூத்தது மார்ச்சில்தான். அந்தக் கடலைப் பற்றி மட்டும் சார் போர்டில் ஒரு வரி எழுதியதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் மறந்துபோறவங்களுக்காக எழுதுறதும்மா. இத யாரு மறக்கப் போறாங்க?" என்றார்.

போர்டின் மேல்பாதியில் எந்த லாரி எத்தனையாவது முறை, எந்த உப்புக் குவியல் அம்பாரத்திலிருந்து லோடு என்ற விவரம் இருக்கும். அதுதான் ஆபீஸ் வேலை. கீழ்ப்பாதியில் 'இதே நாளில்' என்று தலைப்புப் போட்டு, சரித்திரத்தில் அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதுவார். அது அவராக எடுத்துக்கொண்ட வேலை. அதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். டீக்கடைப் பேப்பர், ரேடியோ, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் பொது அறிவுப் புத்தகம் என்று எங்கிருந்தெல்லாமோ சேகரிப்பார். தேதி கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதி, மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு உப்பு பாக்கெட் கவர்களில் போட்டு வைத்திருந்தார். அதில் ஏப்ரல் கவர் மட்டும் பிள்ளைத்தாச்சி மாதிரி உப்பியிருக்கும்.

"ஏப்ரல் மாதிரி ஒரு மாசம் கெடையாதும்மா. கப்பல், ராக்கெட், பூகம்பம், புரட்சி எல்லாம் இதுலதான்" என்பார், சொந்த ஊர்த் திருவிழாவைச் சொல்வதுபோல.

அந்த ஏப்ரலில்தான் அவர் மகள் செல்விக்குக் கல்யாணம் ஆவதாக இருந்தது. 'ஆவதாக' என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செல்விக்கு இருபத்தேழு வயது. ஆரோவில்லில் ஊதுபத்தி செய்யும் யூனிட்டில் வேலை. சாயந்திரம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கினால் யார்டு வாசல் வரைக்கும் வாசனை வரும். நல்ல பெண், கெட்டிக்காரி. அதற்கு முன் இரண்டு வரன் வந்து, ஜாதகமெல்லாம் பொருந்தி, தேதி குறிக்கிற இடத்தில் தட்டிப் போயிருந்தது. தட்டிவிட்டது வேறு யாரும் இல்லை, நூற்றாண்டு சார்தான்.

இது மூன்றாவது வரன். பெருமுக்கல் பையன், துபாயில் வெல்டர், பெயர் குமார். செல்விக்கு அவனைப் பிடித்திருந்தது. ஏப்ரல் இரண்டாம் தேதி லீவில் வந்தவன், இருபத்தெட்டாம் தேதி ஃபிளைட் ஏற வேண்டும். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. ஆகவே கல்யாணம் நடந்தால் அந்த ஏப்ரலுக்குள் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லை.

பையனின் அம்மா நாள் குறிக்க வந்தது ஆறாம் தேதி. பாவம், அந்த அம்மாவுக்கு அது என்ன நாள் என்று தெரியாது. எழுபத்தைந்து வருஷங்களுக்கு முன் அதே நாளில் குஜராத் கடற்கரையில் சட்டத்தை மீறி ஒரு பிடி உப்பை எடுத்தார்கள். உப்பளத்தில் வேலை செய்கிற நாம் அதைச் சும்மா விடலாமா என்று சார் காலை பத்து மணிக்கு லோடிங்கை நிறுத்திவிட்டார். டிரைவர், கிளீனர், சுமக்கும் பெண்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி உப்பைக் கையில் உயர்த்திப் பிடித்து, இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்க வேண்டும் என்பது உத்தரவு.

"ஒரு பிடி அள்ளினதுக்கு எழுபத்தஞ்சு வருஷமா பேசுறாங்களா?" என்றாள் தலையில் கூடையோடு நின்ற காசியம்மா. "நான் காலையிலேர்ந்து நாப்பது கூடை அள்ளிட்டேன். என்னப் பத்தி எந்தப் பேப்பர்ல போட்டான்?"

"பேசாத காசி. மௌனம்!" என்றார் சார்.

எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிற அந்த நேரத்தில்தான் பெருமுக்கல் அம்மா வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு கேட்டுக்குள் நுழைந்தார். ஒரு யார்டே தலைகுனிந்து நிற்பதைப் பார்த்ததும் தட்டு ஆடிப் போய்விட்டது.

"ஐயையோ... யாரு போயிட்டாங்க?"

மௌனம் முடிய இன்னும் ஒரு நிமிஷம் இருந்ததால் யாரும் பதில் சொல்லவில்லை. அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து, யாரென்றே தெரியாமல் மூக்கைச் சிந்தி அழ ஆரம்பித்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி, சோடா வாங்கிக் கொடுத்து, ஆபீஸ் பெஞ்சில் உட்கார வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"ஜோசியர் நாலு நாள் குறிச்சிக் குடுத்திருக்காருங்க" என்று மஞ்சள் தடவிய காகிதத்தை எடுத்தார் அந்த அம்மா. "பதினஞ்சு, பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு. எது தோதுன்னு நீங்களே சொல்லுங்க சம்பந்தி."

சார் சிரித்தார். ராகு காலம், எமகண்டம், பூனை குறுக்கே போவது, பல்லி சொல்வது எதையும் நம்பாதவர் அவர். "எனக்கு அதுலல்லாம் நம்பிக்கை இல்லம்மா. எந்த நாளா இருந்தா என்ன?" என்றார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. ஏனென்றால் சாரின் கை மெதுவாக ஏப்ரல் கவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"பதினஞ்சு..." என்று தாளை உருவினார். "வேணாம்மா. மூழ்கவே மூழ்காதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுக் கெளம்புன கப்பல், அன்னைக்குதான் மூழ்குச்சு. ஆயிரத்து ஐந்நூறு பேரு."

அந்த அம்மா தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அப்ப பதினெட்டு?"

"சான்பிரான்சிஸ்கோ பூகம்பம். ஊரே தரைமட்டம். கல்யாணப் பந்தல் எந்த மூலைக்கு?"

"இருபது?"

"ஜெர்மனிக்காரன், அந்த சர்வாதிகாரி, பொறந்த நாளு. நாளைக்குப் பேரன் பொறந்து, மீசை மொளைக்கும்போது நாம கவலப்பட வேண்டியிருக்கும்."

"இருபத்திரண்டாச்சும்..."

"உலகத்துலயே மொத மொதல்ல போர்ல பெரிய அளவுல விஷவாயு விட்ட நாளும்மா. சமையல்காரன் அடுப்பு பத்தவெக்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான் வரும்."

பெருமுக்கல் அம்மா தட்டிலிருந்து ஒரு வெற்றிலையைக்கூட எடுத்து வைக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு எழுந்தார். "எம்புள்ளைக்கு நல்ல எடம்னு வந்தேன். இது என்னடான்னா எழவு வூடு மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் யார்டு முழுக்க இதே பேச்சு. காசியம்மா நேராக என்னிடம் வந்தாள். "ஏம்மா கம்ப்யூட்டரம்மா, அந்தப் பொட்டியத் தட்டி அந்த நாலு நாள்ல எதாச்சும் நல்லது நடந்திருக்குதான்னு பாரேன். அந்தாளுக்குத் தெரிஞ்ச பாஷையிலயே பேசுனாத்தான் கேப்பாரு." எங்கள் பெட்டியில் இன்டர்நெட் கிடையாது. சாயந்திரம் திண்டிவனம் போய், ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஏப்ரல் மாதத்தின் நல்ல செய்திகளை எல்லாம் ஒரு தாள் நிறையப் பிரின்ட் எடுத்தேன். பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் படித்ததில்லை.

மறுநாள் காலையில் பட்டிமன்றம் ஆரம்பித்தது. லாரி டிரைவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள்.

"சார், பதினெட்டு உலக பாரம்பரிய தினமாம்."

"பூகம்பம் வந்தப்புறம்தாம்மா எது பழசு, எது மிச்சம்னு தேடுவாங்க."

"இருபத்திரண்டு பூமி தினம்."

"விஷவாயு விட்டா பூமிக்குத் தினம் கொண்டாடித்தானே ஆகணும்?"

என்னிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. "இருபதாம் தேதி சார்! ஒரு விஞ்ஞானியும் அவர் மனைவியும் சேர்ந்து ரேடியத்தைப் பிரிச்சு எடுத்த நாள். புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து! கல்யாணத்துக்கு இதைவிட நல்ல நாள் உண்டா?"

டிரைவர்கள் கைதட்டினார்கள். ஒருவன் விசிலே அடித்தான். சார் ஏப்ரல் கவரிலிருந்து நிதானமாக இன்னொரு தாளை எடுத்தார்.

"சேந்துதாம்மா எடுத்தாங்க. நாலே வருஷம். அந்த மனுஷன் ரோட்டுல நடந்து போறப்ப குதிரை வண்டியில அடிபட்டுப் போயிட்டாரு. அதுவும் ஏப்ரல்தான். பத்தொம்பது."

விசில் அடித்தவன் மெல்ல வண்டியடிக்குப் போய்விட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏன் சார் இப்படிப் பண்றீங்க? நாளைக்குச் செல்வி முகத்தை எப்படிப் பாப்பீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் கவரைக் கட்டி உள்ளே வைத்தார்.

எட்டாம் தேதி காலையில் ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தது நான். பெருமுக்கல் அம்மா. "இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள தேதி சொல்லச் சொல்லும்மா. இல்லன்னா மயிலத்துல ஒரு பொண்ணு ரெடியா இருக்குது. எங்களுக்கும் நாள் இல்ல." டொக்கென்று போனை வைத்துவிட்டார். சாரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் செல்வி வந்துவிட்டாள். குமார் அவளுக்கும் போன் செய்திருந்தான். கூடவே அவள் அம்மா அஞ்சலை. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவரை மகள் கையோடு அழைத்து வந்திருந்தாள். முழங்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. அஞ்சலை அதிகம் பேசாதவர். வாசல்படியில் சாய்ந்து நின்றுகொண்டார்.

செல்வி அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, "அப்பா, உங்க கல்யாணம் என்னிக்கு நடந்துச்சு?" என்றாள்.

"சித்திரை ரெண்டு" என்றார் சார் கண் இமைக்காமல். "இது என்ன கேள்வி? வருஷா வருஷம் உங்கம்மா பாயசம் வெக்கிறாளே."

"இங்கிலீஷ்ல என்ன தேதி?"

சார் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தொட்டார். சித்திரை ஒன்று, ஏப்ரல் பதினாலு. நடுவிரலைத் தொட்டார். அங்கிருந்து விரல் நகரவில்லை.

உலகத்துச் சமாசாரம் எல்லாவற்றையும் அவர் இங்கிலீஷ் தேதியில் வைத்திருந்தார். வீட்டுச் சமாசாரத்தைத் தமிழ் மாதத்தில் வைத்திருந்தார். இரண்டையும் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அத்தனை வருஷமும் சித்திரை இரண்டாம் தேதி காலையில் போர்டில் கப்பலை மூழ்கடித்துவிட்டு, மத்தியானம் வீட்டுக்குப் போய்க் கல்யாண நாள் பாயசம் குடித்திருக்கிறார். குடித்துக்கொண்டே அஞ்சலையிடம் கப்பல் மூழ்கிய கதையையும் சொல்லியிருக்கிறார்.

செல்வி பையிலிருந்து பழுத்துப்போன ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து மேஜையில் வைத்தாள். டிரங்குப் பெட்டியைக் குடைந்து தேடி எடுத்திருக்கிறாள். நான் உரக்கப் படித்தேன். சித்திரை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை. அதன் கீழேயே பொடி எழுத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று ஏப்ரல் பதினைந்து.

"பொடி எழுத்து..." என்று முனகினார் சார். அந்த ஊரிலேயே பொடி எழுத்து எழுதுகிற ஆள் அவர்தான்.

வாசல்படியிலிருந்து அஞ்சலை முதல்முறையாகப் பேசினார். "மூழ்குச்சாமே? முப்பத்திரண்டு வருஷமா மூழ்காமதான் நான் தள்ளிக்கிட்டு வர்றேன். இன்னும் ஒரு ஓட்டகூட வுழல."

ஆபீஸே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. காசியம்மா கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள். சார் மட்டும் சிரிக்கவில்லை. அஞ்சலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "பதினஞ்சே வெச்சிடலாம்" என்றார்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் போனில் தேதியைச் சொன்னதும் பெருமுக்கல் அம்மா அலறினார். "பதினஞ்சா? கப்பல் முழுகுன நாளா? வேணாம்மா! எம்புள்ள கடல் தாண்டிப் போறவன்!" தானே கிளப்பிவிட்ட பூதம் போனுக்குள்ளிருந்து தன்னையே பார்த்துக் கத்துவதைச் சார் கேட்டார். என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார்.

"சம்பந்தி, பாதி கதைதான் சொன்னேன். அன்னைக்குக் காலையில விடிஞ்சதும் இன்னொரு கப்பல் வந்துச்சு. தகவல் கெடைச்சதும், பனிக்கட்டிக்கு நடுவுல ராவெல்லாம் ஓடி வந்துச்சும்மா. எழுநூறு பேருக்கு மேல தூக்கிக் காப்பாத்துச்சு. கம்பளி குடுத்தாங்க, சூடா காப்பி குடுத்தாங்க, பத்திரமா கரை சேத்தாங்க. அதே பதினஞ்சுதான். காலையிலதான். முகூர்த்த நேரம்னே வெச்சிக்குங்க."

மறுமுனையிலிருந்து அந்த அம்மா கேட்டார். "காப்பி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கம்மா."

"சரி, அப்ப வெச்சிக்கலாம்."

எல்லோரும் ஆரவாரமாகக் கலைந்து போன பிறகு நான் அவரிடம் கேட்டேன். "சார், அந்த இன்னொரு கப்பல் சமாசாரம் உங்களுக்கு இன்னிக்குத்தான் தெரியுமா?"

அவர் ஏப்ரல் கவரின் வாயை மடித்துக்கொண்டே இருந்தார். "எப்பவோ தெரியும்மா. அதே தாள்லதான் கீழ எழுதி வெச்சிருக்கேன்."

"அப்புறம் ஏன் சார் சொல்லல?"

"சொல்லியிருந்தா பொண்ணு அப்பவே போயிருக்கும்."

ஏப்ரல் பதினைந்து, வெள்ளிக்கிழமை காலையில் செல்விக்கும் குமாருக்கும் கல்யாணம் நடந்தது. கப்பல் எதுவும் மூழ்கவில்லை. சமையல்காரரின் ரசம் மட்டும் கொஞ்சம் உப்புக் கரித்தது. மரக்காணத்துக் கல்யாணத்தில் அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ள முடியாது. சாயந்திரம் பெண்ணை வேனில் ஏற்றிப் பெருமுக்கலுக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் போனால் அரை மணி நேரம். சார் கைகாட்டியதைப் பார்த்தால் பெண் சந்திரனுக்குப் போகிறாள் என்று நினைத்திருப்பீர்கள்.

மறுநாள் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். நான் போவதற்கு முன்பே வந்திருந்தார். போர்டில் லாரி முறையெல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது. கீழே 'இதே நாளில்' என்ற தலைப்பு. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன சார், இன்னிக்கு ஒண்ணும் இல்லியா?"

"இருக்கும்மா. பெருசா என்னமோ இருக்குது. ஞாபகத்துக்கு வரல."

அவருக்கு ஒரு தேதி ஞாபகம் வராததை நான் அன்றுதான் பார்த்தேன். திண்டிவனத்தில் எடுத்த பிரின்ட்டைத் தேடி எடுத்து, அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, கோணல் மாணலான என் எழுத்தில் எழுதினேன். '1853. இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடிய நாள்.'

சார் அதை மெதுவாகப் படித்தார். "ஆமாம்மா. பம்பாய்லேர்ந்து தாணே. மத்தியானம் மூணரை மணிக்கு மேல கெளம்புச்சு. இருபத்தொரு குண்டு போட்டாங்க. பாண்டு வாசிச்சாங்க. ஊரே கூடி நின்னு கைதட்டி அனுப்புனாங்க." வெளியே வெள்ளையாகக் குவிந்திருந்த அம்பாரங்களைப் பார்த்தார். "ஏத்தி அனுப்பிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தவங்க என்ன பண்ணாங்கன்னு மட்டும் எந்த புஸ்தகத்துலயும் போடல."

மத்தியானம் அவரைத் தனியாக உட்கார விடாமல், காசியம்மாவும் நானும் எங்கள் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அவர் மேஜைக்கே போனோம். அந்த மனுஷர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அன்றுகூடச் சொல்லாமல், ரசம் ஊற்றட்டுமா சார் என்றுதான் கேட்டேன்.